பஞ்சு வெள்ளையாகத்தான் இருந்தது

ஒரு குழந்தையின் நோயை நான் அழுக்கு என்று சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் காத்திருந்த இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. எனக்கு அறுபது தாண்டியிருந்தது. அனுபவம் போதாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும் என்னோடு தொழில் செய்த இருவர் தடுத்தார்கள். “வயசான காலத்துல எதுக்கு சார் இது? அப்ப எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும்” என்றார் ஒருவர். மற்றவர், நான் எழுதினால் ஜனங்களுக்கு டாக்டர்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும் என்றார். போகட்டும். போக வேண்டிய நம்பிக்கை கொஞ்சம் போனால் நல்லதுதான். நரைத்த தலையைப் பார்த்ததும் மன்னித்துவிடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அதைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் இருக்கும் தெரு ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கிளினிக் நடத்தினேன். வீடு செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்குவேன். உளிச் சத்தத்துக்கு நடுவிலேயே நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கப் பழகியிருந்தேன். பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் உடம்பெல்லாம் கல்தூசியோடு வருவார்கள். குப்பத்துப் பிள்ளைகள் மணலோடு வருவார்கள்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பிள்ளையின் பின்கழுத்தில் ஒரே இழுப்பு இழுப்பேன். பஞ்சு கறுத்து வரும். அதைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்து, “இதாம்மா உம் புள்ளைக்கு வியாதி. மருந்து வேணாம், ஒரு சோப்பு வாங்கு” என்பேன். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். தாய் தலையைக் குனிந்துகொள்வாள். இதனால் எனக்குக் கண்டிப்பான டாக்டர் என்ற பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கல்பாக்கத்து அதிகாரிகளின் பிள்ளைகளுக்கோ ஹோட்டல் நடத்துகிறவர்களின் பிள்ளைகளுக்கோ நான் ஒரு தடவைகூட அந்தப் பஞ்சை எடுத்ததில்லை. அவர்களும் கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைகள்தான்.

அந்தத் தாய் மீன் விற்பவள். கூடையை வெளியே பெட்டிக்கடை ஓரம் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் வீட்டில் மீன் புழங்காது. மீன்காரப் பெண்கள் வந்தால் நான் கைக்குட்டையை மேஜைமேல் தயாராக வைத்துக்கொள்வேன். அன்றும் வைத்தேன். பெண் பள்ளிச் சீருடையில் இருந்தாள், சட்டைக் காலரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. காலரை இறக்கினால் கழுத்தைச் சுற்றிக் கருப்பாக, தடிப்பாக, மேலே சாம்பல் பூத்ததுபோல் ஒரு பட்டை. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அதேபோல இருந்தது. நகக் கீறல்கள் வேறு.

எத்தனை நாளாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அரிக்கிறதா, தூங்குகிறாளா, வீட்டில் யாருக்காவது மூச்சு இழுப்பு உண்டா என்றும் கேட்கவில்லை.

“தினமும் குளிப்பாட்றியா இல்லையா?”

“ரெண்டு வேளயும் குளிப்பாட்றேன் சார். குயந்த சொறிஞ்சிகினே கீது. எங்காளுங்க கரப்பான்னு சொல்றாங்கோ.”

“ஆளுங்களே வைத்தியம் பாத்துட்டா நான் எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கேன்?”

பெஞ்சில் சிரித்தார்கள். நான் பஞ்சை எடுத்தேன். வெடித்த தோலில் ஸ்பிரிட் பட்டால் எப்படி எரியும் என்பது படிக்காதவர்களுக்கும் தெரியும். குழந்தை அழவில்லை. பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தாள். நான் மூன்று தடவை தேய்த்தேன்.

“பஞ்சு வெள்ளயாத்தான கீது சார்” என்றாள் தாய்.

“எதுத்துப் பேசாத. இது ஊறிப்போன அழுக்கு. ஒரு நாள்ல வராது. தேங்கா நாரும் கார்பாலிக் சோப்பும் போட்டு நல்லா அழுத்தித் தேய்.”

பஞ்சு காலடியில் இருந்த வாளிக்குள் போனது.

பள்ளியில் மற்றப் பெற்றோர் முணுமுணுத்ததால் தலைமையாசிரியர் டாக்டர் சீட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். லெட்டர்பேடில் எழுதினேன்: ‘சுத்தக் குறைவால் வந்த தோல் உபாதை. குணமாகும்வரை மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி உட்கார வைக்கவும்.’ கையெழுத்தும் முத்திரையும் வைத்தேன். தாய் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. திரும்பி வராதவர்களையெல்லாம் குணமானவர்கள் என்று எண்ணிக்கொள்வது எங்கள் தொழிலில் ஒரு வசதி.

பிறகு எனக்கு முட்டிவலி வந்தது. கிளினிக்கை ஒரு இளைய டாக்டரிடம் ஒப்படைத்தேன். அவர் அதற்கு முன் ஆறு மாதம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தவர். நான் செங்கல்பட்டு வீட்டில் செய்தித்தாளும் மாத்திரையுமாக உட்கார்ந்தேன்.

மகன் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் பிள்ளைக்கு இரண்டு வயது. போன வருடம் ஒரு விடுமுறை நாளில் அவனை மடியில் வைத்திருந்தபோது பின்கழுத்தைப் பார்த்தேன். கருப்பாக, தடிப்பாக, மேலே சாம்பல் பூத்து ஒரு பட்டை. முழங்கை மடிப்பிலும் இருந்தது. என் மருமகள் நாளுக்கு இரண்டு தடவை குளிப்பாட்டிப் பவுடர் போடுகிறவள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தோல் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டார். பிறகு கழுத்தில் உள்ளங்கையை வைத்தார். பக்கத்துத் தோலில் வைத்தார். மறுபடி கழுத்தில் வைத்தார். அரிப்பு எப்போது அதிகம், தூக்கம் எப்படி, வீட்டில் யாருக்கு மூச்சு இழுப்பு என்று மருமகளிடம் கேட்டார். எனக்கு இழுப்பு உண்டு. என் அப்பாவுக்கும் இருந்தது. பேரனுக்கு இருப்பது எக்ஸிமா என்றார் டாக்டர். நாம் கரப்பான் என்று சொல்கிற வகைதான்.

“சிவப்பே இல்லையே” என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம தோல்ல எங்க சார் சிவப்பு தெரியும்? கொஞ்சம் ஊதாவா தெரியும், இல்லன்னா காப்பிக் கொட்டை நிறம், இல்லன்னா இப்படிச் சாம்பல். சில பிள்ளைகளுக்கு மயிர்க்கால் ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்னதா பொரிப் பொரியா வரும். கண்ணை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். கை வெச்சுப் பாக்கணும். சூடா இருக்கா, தடிச்சிருக்கா, சொரசொரன்னு இருக்கா. நிறைய பேர் அழுக்குன்னு தேய்ச்சுத் தேய்ச்சு இன்னும் தடிக்க வெச்சுத்தான் இங்க கூட்டிட்டு வராங்க.”

நான் படித்த புத்தகத்தில் எக்ஸிமாவுக்குப் படம் இருந்தது. வெளிர் ரோஜா நிறக் கை ஒன்று, அதில் சிவந்த திட்டுகள். சிவந்த திட்டுகள் என்று மனப்பாடம் செய்தேன். அப்படியே எழுதித் தேறினேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கறுப்பு. தினமும் கண்ணாடியில் கறுத்த முகத்தைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டு போய், கறுத்த மனிதர்களின் உடம்பில் சிவப்பைத் தேடியிருக்கிறேன். அது கிடைக்காதபோது அவர்கள்மேல் குற்றம் கண்டுபிடித்திருக்கிறேன். புத்தகத்தைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என்னோடு படித்த ஒருவன் நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். அவனும் அதே புத்தகத்தைத்தான் படித்தான்.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளியல், நார் கிடையாது, பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. துடைத்த ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத களிம்பை உடம்பெங்கும் தாராளமாகப் பூச வேண்டும். தடித்த இடத்தில் மட்டும், அந்த இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ற ஸ்டீராய்டு களிம்பு, சொன்ன நாள் வரைக்கும். பயந்து பாதியில் நிறுத்தக்கூடாது, நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் பூசவும் கூடாது. மருந்துக்கடையில் படைக்கு, சொறிக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ட்யூபாகக் கொடுப்பதைத் தொடவே கூடாது. மூன்று வாரத்தில் பேரன் சொறிவதை நிறுத்தினான். தடிப்பு இறங்கியது. கருமை மட்டும் நின்றது. “அது நோய் இல்ல, நோய் இருந்த தடம். மெதுவா மாசக்கணக்குல போகும். வெளுக்க வைக்கிறேன்னு எதையும் பூசிடாதீங்க” என்று அந்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் பேரன் தூங்கும்போது அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மீன்காரம்மாவின் பெண்ணை என் விரல் தொட்டதே இல்லை. பஞ்சுதான் தொட்டது.

அந்தத் தாய் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் விற்கிறவள் என்பது மட்டும் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். மீன் வரிசையில் கடைசியாக இருந்த ஒரு அம்மாளிடம், முன்பு மாமல்லபுரத்தில் கழுத்தில் கரப்பானோடு டாக்டரிடம் வந்த பெண்ணின் தாய் என்று அடையாளம் சொன்னேன்.

“யாரு, அயுக்கு டப்பா அம்மாவா? அதோ, நீலக் கொடைக்குக் கீய உக்காந்துகினு கீது பாரு.”

அயுக்கு டப்பா. பதிமூன்று வருடம் கழித்தும் அந்தப் பெண்ணுக்கு அதுதான் பெயர். வைத்தவன் நான்.

நீலக் குடைக்குக் கீழே இருந்த தாய் என்னைப் பார்த்தவுடன் கண்டுகொண்டாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே பேசினாள்.

“இன்னா டாக்டரே, மீன் வாங்க வந்தியா? உங்க வூட்டுக்கு ஆவாதே. கைக்குட்ட எட்த்துகினு வரல?”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேங்க.”

“பார்றா, உங்ககிட்டயாம். அன்னிக்கு எதுத்துப் பேசாதன்ன வாயி.” பக்கத்தில் இருந்தவளிடம், “இவருதான் எம் பொண்ணுக்குப் பேரு வெச்ச டாக்டரு” என்றாள். “உக்கார நாற்காலி இல்ல டாக்டரே. அன்னிக்கு நீயும் உக்காரச் சொல்லல.”

நான் நின்றபடியே சொன்னேன். அது அழுக்கில்லை, எக்ஸிமா, தேய்க்கச் சொன்னது தப்பு, தள்ளி உட்கார வைக்கச் சொன்னது அதைவிடத் தப்பு என்றேன்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். “நாலு மாசம் நார் போட்டுத் தேச்சேன். குயந்த கத்தும். ரத்தம் வரும். டாக்டரு சொன்னாருன்னு தேச்சேன். உன்னால எம் பொண்ண நானே இம்ச பண்ணேன். மூணு வருசம் ஸ்கூலுல கதவாண்ட தனி பெஞ்சி. எவ்ளோ பெரிய பேஜாரு தெரியுமா? அப்பால ஒரு டீச்சரு வந்து, சீட்ட எங்க கைலயே திருப்பிக் குட்த்துட்டு உள்ள உக்கார வெச்சாங்கோ. அவங்க டாக்டருக்குப் படிக்கல.”

அப்போது பெண்ணே வந்தாள். கையில் தாய்க்கு நாஸ்தா. இருபத்தொரு வயது. கழுத்துவரை மூடிய சுடிதார், முழுக்கை. நான் யார் என்று தாய் சொன்னதும் டிபன் டப்பாவைக் குடைக் காலோடு சாய்த்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“அதெல்லாம் அப்பால சார். எனக்கு இப்ப ஒரு சர்ட்டிபிகேட் வேணும்.”

கேட்டரிங் படித்து முடித்திருக்கிறாள். கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டலில், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலைக்கு அறுபது பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. உடல்தகுதிச் சான்றுக்கு ஹோட்டல்காரர்கள் தங்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டர் என் கிளினிக்கை எடுத்துக்கொண்டவர்.

“கயுத்துல பஞ்சு போட்டுத் தேச்சாரு சார். வெள்ளயாத்தான் வந்துச்சு. தொத்து இருக்கலாம், தகுதி இல்லன்னு எழுதிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள வேற சர்ட்டிபிகேட் தரலன்னா என் எடத்துக்கு வேற ஆளு.”

நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்.

அன்று மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. தோல் டாக்டரிடம் காட்டலாம், நானே எழுதியும் தருகிறேன் என்றேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். ரேஷன் கார்டு நகல், மதிப்பெண் சான்றிதழ்களோடு என் பழைய சீட்டு. மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

“மொதல்ல இதுல எழுதுங்க. உங்க கையெழுத்துலதான் போச்சு. அதே கையெழுத்துல வரட்டும்.”

மீன் பலகையின் காய்ந்த ஓரத்தில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் சீட்டை வைத்து எழுதினேன். ‘மேலே கண்டதைத் தெரியாமல் எழுதினேன். இந்தப் பெண்ணுக்கு இருப்பது எக்ஸிமா. இது யாருக்கும் ஒட்டாது. சுத்தக் குறைவால் வருவதில்லை.’

அவள் வாங்கிச் சத்தமாக, வரிசை முழுவதும் கேட்கும்படி படித்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

“தெரியாமன்னு இருக்கு. அதை அடிங்க.”

“அப்ப எனக்குத் தெரியாதும்மா. எங்க படிப்புல அப்படித்தான்…”

“எக்ஸிமான்னு தெரியாது, சரி. பஞ்சு வெள்ளயா வந்தது தெரியும். எங்கம்மா சொன்னப்ப நீங்க பஞ்சப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் வாளில போட்டீங்க. நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன் சார். எனக்கு எட்டு வயசு, குருடு இல்ல.”

தாய் மீன் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நொடி என் கையில் வெள்ளைப் பஞ்சு இருந்தது. எதிரே ஒரு மீன்காரி சரியாகச் சொன்னாள். பெஞ்சில் பதினைந்து பேர் இருந்தார்கள். பஞ்சை நம்பினால் அவள் சொன்னதுதான் சரி என்று அத்தனை பேர் முன்னாலும் ஆகும். அதனால் பஞ்சை வாளியில் போட்டேன்.

‘தெரியாமல்’ என்ற சொல்லை அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன், திருத்தினால் போட வேண்டும் என்கிற முறைப்படி.

“இப்ப சரி” என்றாள் பெண்.

திங்கட்கிழமை செங்கல்பட்டில் பெண்ணும் தாயும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பேரனைப் பார்த்த தோல் டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் அங்கே வருவார். உள்ளே நான் வர வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டாள். வெளியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துச் சீட்டோடு வந்தார்கள். மருந்துக்கடையில் நான் ஏதோ விளக்க ஆரம்பித்ததும், “அந்தம்மா ஒயுங்கா சொல்லிட்டாங்கோ. நீ கொயப்பாத டாக்டரே” என்றாள் தாய். பத்து நாளில் அரிப்பு அடங்கியது. பதினைந்தாம் நாள் தடிப்பு பாதி இறங்கியிருந்தது. இது ஒட்டுகிற நோயில்லை, எந்த வேலைக்கும் தடையில்லை, தண்ணீரில் அதிகம் புழங்கினால் கைக்கு மட்டும் களிம்பும் கையுறையும் வேண்டும் என்று தோல் டாக்டர் தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஹோட்டலில் அதை ஏற்கவில்லை. தங்கள் டாக்டர் கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள்.

எனவே என் கிளினிக்குக்குப் போனேன். அதே பெஞ்ச், அதே உளிச் சத்தம். நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து என் முறை வந்ததும் உள்ளே போனேன். பெண்ணும் தாயும் கூட வந்தார்கள். இளைய டாக்டர் எழுந்து நின்றார்.

“சார், சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“கதவைத் திறந்து வைங்க. வெளியில இருக்கறவங்க கேக்கட்டும்” என்றேன். பழைய சீட்டை மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். அடித்திருந்த சொல்லைக் கடந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்க கழுத்துல கை வெச்சுப் பாத்தீங்களா?”

“பஞ்சு போட்டுப் பாத்தேன் சார். நீங்க செய்யற மாதிரிதான்.”

“நான் செஞ்சது பொய். வெள்ளையா வந்த பஞ்சைப் பாத்துட்டு அழுக்குன்னு சொன்னேன். உங்களுக்கும் வெள்ளையாத்தான் வந்திருக்கு. அழுக்குன்னு எழுத முடியல, அதனால தொத்துன்னு எழுதிட்டீங்க.”

வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. அவர் முகம் கறுத்தது. கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். பெண்ணிடம் திரும்பி, “கழுத்தைக் காட்டும்மா, தொட்டுப் பாக்கறேன்” என்றார்.

“என் கயுத்த இனிமே இந்த ரூம்புல யாரும் தொட வாணாம் சார்” என்றாள் அவள். “ஸ்பெஷலிஸ்ட் எழுதினது இருக்கு. படிங்க. புரியலன்னா அவங்களுக்குப் போன் போடுங்க.”

அவர் இரண்டு தடவை படித்தார். போனும் போட்டார். பேசி முடித்துவிட்டுப் புதுச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. வாசலில் தாய் அந்தப் பெஞ்சைப் பார்த்து, “இன்னா, இன்னிக்கு யாரும் சிரிக்கலயா?” என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

வேலை அதோடு கைக்கு வந்துவிடவில்லை. ஹோட்டல் மேலாளர் ஒரு யோசனை சொன்னாராம். கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கு அரைக்கை சீருடை. முழங்கை மடிப்பில் கருமை தெரிகிறது, விருந்தாளிகள் ஏதாவது நினைப்பார்கள், இவள் மட்டும் முழுக்கை போட்டுக்கொள்ளலாம் என்றாராம். இதை அவள் எனக்குப் போனில் சொன்னாள். ஒத்துக்கொள்ளம்மா, முதலில் வேலையில் சேர்ந்துவிடு என்று நான் சொன்னேன். அந்த வயதிலும், அத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

“நீங்க எழுதின சீட்டும் இதைத்தான் சொல்லுச்சு சார். தள்ளி உக்காருன்னு” என்றாள். “எல்லாருக்கும் என்ன சட்டையோ அதுதான் எனக்கும். இது தழும்பு, நோவு இல்ல. சர்ட்டிபிகேட்ல எழுதியிருக்கு, படிச்சுக்கச் சொல்லிட்டேன். அவங்க வேணாம்னா வேற ஓட்டல் இல்லாமலா போச்சு.”

மூன்று வாரம் அவளைக் காக்க வைத்தார்கள். பிறகு எடுத்துக்கொண்டார்கள். அரைக்கைச் சட்டையோடுதான்.

இளைய டாக்டர் இப்போதும் அந்தக் கிளினிக்கில்தான் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை. ஸ்பிரிட் பாட்டில் மேஜையிலிருந்து ஊசி அலமாரிக்குப் போய்விட்டது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். உண்மையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பள்ளிக்கும் போனேன். தலைமையாசிரியர் மாறிவிட்டார். இப்போது இருப்பவர் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, அந்த வருடப் பதிவேடுகள் இல்லை, யாருடைய பெயருக்கு எதிரே எதைத் திருத்துவது என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். தாய் என்னை மன்னிக்கவில்லை. புதுப்பட்டினத்தில் அவள் கண்ணில் பட்டால், “டாக்டரே, மீனு வாணுமா?” என்று வரிசை சிரிக்கும்படி கேட்கிறாள். கேட்கட்டும்.

ஹோட்டலுக்கு வந்து பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம் என்று பெண் சொல்லியிருந்தாள். நான் போகவில்லை.

போன மாதம் ஒரு வேலையாகத் திருவிடந்தைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்காகச் சாலையில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் சீருடை போட்ட நான்கைந்து பெண்கள். அவளும் இருந்தாள். காலர் இறங்கியிருந்தது. வெயில் நேராக அடித்தது. அந்தத் தூரத்திலிருந்தும் கழுத்தின் கருமை தெரிந்தது, முன்னைவிட மங்கி. அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மாமல்லபுரம் பஸ் வந்தது. வேகமாக வந்ததால் நிற்காது என்று மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அவள் ஓர் எட்டு முன்னால் வைத்து, முழங்கை மடிப்பு தெரிய வலது கையை முழுவதும் நீட்டினாள். பஸ் நின்றது.